ஆறு தட்டு அரிசி

என் மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்த அன்று, எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு தட்டுகளில் அரிசி பரப்பி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பதற்காக மஞ்சள் கலந்த அரிசி. முந்தின நாள் பிற்பகல் டீச்சரோடு உட்கார்ந்து அந்த அரிசியைப் பிசறியது நான்தான். மறுநாள் அதில் ஒரு தட்டில் மட்டும் எழுத்து விழுந்தது.

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடி நின்றால் பின்னால் போய் நின்றுகொள்வேன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. ஆனால் எழுதினால் ஒரு வரிக்குப் பின் ஒரு வரி வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மலாக்காவில், ஜாசினிலிருந்து உள்ளே போகும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. என் கணவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் நாற்றுமேடையில் வேலை. கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக் கன்று வைப்பேன். கன்றுகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மனிதர்களோடு பேச வேண்டிய இடங்களில் எனக்காகப் பக்கத்து வீட்டு அக்கா பேசுவார்.

சொந்த அக்கா இல்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் குழம்பை நீட்டி, "இந்தா தங்கச்சி, ஒன் வூட்டு அடுப்புல பொகையே காணோமே" என்றவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கோயில் மாதர் பிரிவின் தலைவி. குரல் வெண்கலமாக இருக்கும். தோட்ட ஆபீஸில் லீவு கேட்பதும், மின்சாரக் கட்டணத்தில் தவறு என்று சண்டை போடுவதும், ஜாசின் பசாரில் மீன்காரரிடம் பேரம் பேசுவதும் எனக்காக அவர்தான். ஒரு தடவை வயிற்றுவலி என்று கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போனார். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று டாக்டர் மலாயில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா, "இடது பக்கம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வலித்தது வலது பக்கம். டாக்டர் இடது பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நான் தலையாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே வந்து சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் லா, வாயில கொழுக்கட்டையா? ஒன் வயிறு, நீதானே சொல்லணும்!" நானும் சிரித்தேன். அந்த அளவுக்கு நான் அவரை நம்பியிருந்தேன்.

எங்களுக்கு ஒரே வருடத்தில் பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே வாளியில் குளித்து வளர்ந்தார்கள். பள்ளிக்கும் கைகோத்துப் போவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் ஐந்து வயதை முடிக்கும்போது தமிழ்ப்பள்ளியில் மொத்தமே பதினேழு பிள்ளைகள். தோட்டத்திலிருந்து குடும்பங்கள் பாச்சாங் பக்கம், மலாக்கா டவுன் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தன. மீதி இருந்தவர்களில் பலர் பிள்ளைகளை வேன் வைத்துச் சீனப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு நாளைக்கு எங்கேயும் வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். என் கணவரும் சொன்னார். அவருடைய லோரி முதலாளி சீனர், நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த பள்ளியில் எங்கள் மகளுக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருந்தார். சரி என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஆடி வெள்ளியில்தான் எல்லாம் மாறியது. கோயிலில் கூழ் ஊற்றி முடித்து, பெண்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம். அடுத்த ஜனவரியில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் தாய்மார் ஆறு பேர் அங்கே இருந்தோம். அக்கா தேய்ப்பு நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு ஆளே இல்லன்னா மூடிருவாங்க. நம்ம படிச்ச ஸ்கூல் லா அது. ஒருத்தி மட்டும் போட்டா அவ புள்ள பாவம். ஆறு பேரும் ஒண்ணா போட்டா யாரு மூடுவா?"

"என் வூட்டுக்காரரு சீன ஸ்கூல்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு கா" என்றாள் ஒருத்தி.

"வூட்டுக்காரரா புள்ள பெத்தாரு? ரெண்டு நாளைக்குச் சோத்துல உப்பு போடாத. தானா ரெண்டு கால்லயும் நிப்பாரு."

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா பித்தளைத் தட்டில் ஆறு கட்டிச் சூடம் வைத்துக் கொளுத்திவிட்டார். மாரியம்மன் முன்னால் நின்று, அவரவர் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். முதலில் அக்காதான் அடித்தார். அடித்துவிட்டு அழுதார். அது நடிப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கடைசியாக நான் அடித்தேன். உள்ளங்கையில் சுட்டது. வீட்டுக்கு வந்தும் எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை என் கணவரிடம், சீனப்பள்ளி வேண்டாம் என்று சொன்னேன். "சூடம் அடிச்சிட்டேன்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு, நீயா பேசுற?" என்றார். பிறகு, "சரி, ஒன் இஷ்டம். அப்புறம் கொறை சொல்லக் கூடாது" என்றார். முதலாளியிடம் மறுநாளே சொல்லிவிட்டார். அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது.

தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதற்கான பாரத்தை எனக்கு நிரப்பிக் கொடுத்ததும் அக்காதான். என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மகளின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து, அழகான எழுத்தில் எழுதினார். "ஒன்னுது ஆச்சா? நான் என்னுத அப்பறமா ஆபீஸ்ல குடுத்துக்கிறேன்" என்றார். நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் பள்ளி திறக்கும் நாளன்று பத்திரத்தோடு வந்து நிற்பது வழக்கம்தான். தலைமையாசிரியருக்கும் அது தெரியும். அதனால் அவர் கையில் ஒரே ஒரு பாரம் இருந்தபோதும், அக்கா சொன்ன வார்த்தையை நம்பி ஆறு மேசைகளுக்குச் சாயம் அடித்து வைத்தார். ஒவ்வொரு மேசையிலும் பூ வடிவத்தில் வெட்டிய அட்டையில் ஒரு பிள்ளையின் பெயர். அக்கா மகளின் பெயர் என் மகளின் பக்கத்து மேசையில்.

பள்ளி திறந்த அன்று ஏழரை மணிக்கு முன்பே போய்விட்டோம். மகள் புதுச் சீருடையில், கழுத்தைத் திருப்பாமல் நடந்தாள். திருப்பினால் கழுத்துப்பட்டை கசங்கிவிடுமாம். வாசலில் தோரணம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கையில் ஆறு காகித மாலைகள். கோயில் ஐயர் வந்திருந்தார். தலைமையாசிரியர் கேட்டின் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார்.

எட்டு மணி ஆயிற்று. எட்டேகால் ஆயிற்று.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அதான் லேட்டா வர்றாங்க" என்றார் டீச்சர். வானத்தில் மேகமே இல்லை.

எட்டரைக்கு ஐயர் மெதுவாக, "இன்னொரு எடத்துக்கும் போகணுங்க" என்றார். தலைமையாசிரியர் சரி என்று தலையசைத்தார். ஐயர் என் மகளின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தார். மகள் எழுதிவிட்டுப் பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். "இது அவளோடது. நான் எழுதலாமா?" என்று கேட்டாள். டீச்சர் அவள் விரலில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

பிறகு படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையை மட்டும் வைத்து எப்படி எடுப்பது? இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து உயரம் குறைந்த ஐந்து பேரைக் கூட்டி வந்து தட்டுகளின் முன் உட்கார வைத்தார்கள். மாலை போட்டார்கள். அதில் ஒரு பையன், "டீச்சர், எனக்கு 'அ' தெரியும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்; படத்தின் ஓரத்தில் அது தெரிகிறது.

வீட்டுக்குக் கிளம்பும்போது டீச்சர் அரிசியைப் பையில் கொட்டிக் கொடுத்தார். "நீங்களே எடுத்துக்குங்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதும் நான் அக்காவைச் சந்தேகப்படவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மகளிடமும் அப்படியே சொன்னேன். பிற்பகலில் வேன் வந்து நின்றது. அக்காவின் மகள் இறங்கினாள். வேறு சீருடை. முதுகைவிடப் பெரிய பை. என் மகள் வேலிக்கு ஓடினாள்.

"ஒனக்குக் காய்ச்சலா?"

"இல்லியே. நான் ஸ்கூல் போனேன். எனக்கு அங்க போன வருஷமே பேரு குடுத்துட்டாங்க. நான் கிளாஸ் எல்லாம் முன்னாடியே போயிப் பார்த்துட்டேன்."

சின்னப் பிள்ளை, மறைக்கத் தெரியாது. போன வருடம் எப்போது என்று நான் கேட்டேன். அவளுக்கு மாதம் சொல்லத் தெரியவில்லை. "நோன்புப் பெருநாளைக்கு முன்னாடி ஆன்ட்டி. அம்மா எனக்குப் பச்சை கவுன் வாங்குனாங்கள்ல, அப்போ." பச்சை கவுன் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆடி வெள்ளியன்று சூடத்தின் முன்னால் அவள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அதற்குள் கவுன் கொஞ்சம் சாயம் போயிருந்தது.

அப்படியானால் அழுதுகொண்டு சூடம் அடித்தபோதே இடம் உறுதியாகியிருந்தது. என் சமையலறையில் உட்கார்ந்து என் பாரத்தை நிரப்பியபோதும் உறுதியாகியிருந்தது.

நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. சாப்டியா?"

"பாப்பா வரலியேக்கா."

கேட்க நினைத்தது அது இல்லை. அதுதான் வெளியே வந்தது.

"என்னா செய்றது? அவ அப்பா பேரு குடுத்துட்டாரு. எடம் போனா திரும்பக் கெடைக்குமா சொல்லு."

"சூடம் அடிச்சோமே கா."

அக்கா ஒரு சட்டையை உதறி மடித்தார். "சூடம் ஸ்கூலுக்காக அடிச்சது லா. ஸ்கூலு மூடலியே. ஒன் பொண்ணு இருக்காளே."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார். அவருக்குப் பள்ளி மூடக் கூடாது என்பது உண்மை. தன் மகள் அதில் படிக்கக் கூடாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என் மகளை வைத்தால் சரியாகப் பொருந்தியது. சொன்னதைக் கேட்டுக்கொள்கிறவள், கேள்வி கேட்காதவள், சத்தியம் செய்தால் அப்படியே நிற்கிறவள் என்று ஆறு பேரில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது என்னைத்தான். பதினொரு வருடப் பழக்கம் அதற்குத்தான் உதவியது.

மற்ற நாலு பேரையும் நாற்றுமேடையிலும் கடையிலும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். நான் கேட்கவே இல்லை, அவர்களே சொன்னார்கள். "அஞ்சு பேரு இருக்கீங்களே, ஒண்ணு கொறஞ்சா என்னான்னு நெனச்சேன்." கொஞ்சம் மாற்றி மாற்றி நாலு பேரும் அதையே சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மஞ்சள் சோறு. அரிசியை நான்கு தண்ணீர் கழுவியும் நிறம் போகவில்லை. "இன்னைக்கும் பொங்கலாம்மா?" என்று மகள் கேட்டாள். என் கணவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை முதலாளியிடம் மறுபடி கேட்டுப் பார்த்தார். இடம் இல்லை. "மலாய் ஸ்கூல்ல போடலாம்" என்றார்.

பள்ளி மாற்றும் பாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். டீச்சர் தினமும் பாச்சாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். கல்யாணமாகாத சின்னப் பெண். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "நீங்க கூட்டிட்டுப் போனாலும் நான் தப்பா நெனக்க மாட்டேன்மா. நானா இருந்தாலும் யோசிப்பேன்" என்றார். அந்த ஒரு வாரத்தில் என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர். அவருக்குப் பின்னால் என் மகள் முன் வரிசையில் தனியாக உட்கார்ந்து, பக்கத்து மேசையின் பூ அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். மொழிக்காக நின்றேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். இல்லை. அந்த டீச்சரின் முகத்துக்கு முன்னால் அந்தத் தாளை நீட்ட எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு வருடம் என் மகள் தனியாகப் படித்தாள். வகுப்புத் தலைவியும் அவளே, தலைவி பெயர் எழுதிக் கொடுக்க வேண்டிய குறும்புக்காரியும் அவளே. பரீட்சையில் முதல் மாணவி; கடைசி மாணவியும் அவள்தான். 'நண்பருடன் கலந்துரையாடுக' என்று புத்தகத்தில் வந்தால் டீச்சர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நண்பர் ஆவார். ஓட்டப்பந்தயத்தில் பெரிய பிள்ளைகளோடு ஓடி எப்போதும் கடைசியாக வருவாள். நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரே வீட்டுக்குள் அடைந்து பிள்ளைகள் கைப்பேசியில் படித்தபோது, "இப்ப எல்லாரும் என்னை மாதிரி" என்றாள். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

அக்காவோடு சண்டை இல்லை. குழம்புக் கிண்ணம் வேலியைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன், கழுவித் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் கிளினிக்குக்குத் தனியாகப் போகக் கற்றுக்கொண்டேன். கேட்க வேண்டியதை மட்டும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்று வைக்கும்போது சொல்வேன். சட்டி கழுவும்போது சொல்வேன். 'பாரம் நிரப்பும்போது உனக்குத் தெரியும்தானே அக்கா?' அவ்வளவுதான், ஒரு வரி. ஒருநாள் கேட்பேன் என்று நம்பியிருந்தேன்.

ஆறாம் ஆண்டு முடிவில் பரிசளிப்பு விழா வந்தது. அதற்குள் பள்ளியில் கீழ் வகுப்புகளில் கொஞ்சம் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். மாதர் பிரிவுத் தலைவி என்று அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். பின்னால் திரையில் அந்தப் பழைய படம் பெரிதாகத் தெரிந்தது: ஆறு தட்டு, ஆறு பிள்ளைகள், ஆறு மாலை.

"அன்னைக்கு நாங்க ஆறு தாய்மாருங்க சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுனோம். அதனாலதான் இந்தப் பள்ளி இன்னைக்கு நிக்குது" என்றார் அக்கா. குரல் உடைந்தது. கைதட்டினார்கள். அந்த ஐந்து பிள்ளைகள் யார் என்று தெரிந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். என் மகளுக்கு அக்கா கையாலேயே பரிசு கொடுக்க வைத்தார்கள்.

விழா முடிந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். "வாங்க லா எல்லாரும். சூடம் அடிச்ச ஆறு பேரும் ஒரு போட்டோ!" நாலு பேரும் சேலையைச் சரிசெய்துகொண்டு போனார்கள். அக்கா என் கையைப் பிடித்தார். கேட்க வேண்டிய வரி தொண்டை வரை வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நான் கையை உருவிக்கொண்டு, தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"வா தங்கச்சி."

மறுபடியும் ஆட்டினேன். பதினேழு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் 'இல்லை' அது.

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, அந்த ஒரு நொடியில் கண்ணில் தெரிந்தது. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, உரக்கச் சிரித்தார். "விடுங்க, விடுங்க. இவளுக்கு எப்பவுமே வெக்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து பேரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அது வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மகள் பார்த்துவிட்டு, "நீங்க ஏன்மா இதுல இல்ல?" என்று கேட்டாள்.

"வர மாட்டேன்னு சொன்னேன்."

"சொன்னீங்களா? வாயைத் திறந்தா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். இடது பக்கம் என்று அக்கா சொல்ல, டாக்டர் அமுக்க, நான் தலையாட்டிக்கொண்டு படுத்திருந்த அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூட மண்டபத்திலும் எனக்காக அவரே பேசிவிட்டார். அங்கே இருந்த எல்லாரும் அதையே நம்பி வீட்டுக்குப் போனார்கள்.

அது வெட்கம் இல்லை.